ஆங்கிலத்திற் பெருமையும் வியப்பும் உணர்த்துஞ் சொற்கள்

'கிறேற் பிரித்தன்' என்னும் நாட்டுப் பெயரிலுள்ள அடைமொழியைப் புகழ்மொழி என்று கருதுவோர் பலர். பேரரசு ஆண்டவர்கள் தம் நாட்டிற்குத் தாமே சூட்டிக்கொண்ட பெருமிதப் பட்டம் அது என்று பள்ளிப் பிள்ளைகள் மாத்திரமன்றிப் படித்த பெரியோருங் கூறுவதுண்டு. உண்மை அஃதன்று. ஐந்தாம் ஆறாம் நூற்றாண்டுகளிலே அத்தீவின் பழங்குடியினராகிய பிரித்தானியருட் சிலர் கடல் கடந்து சென்று, இக்காலப் பிரான்சின் வடமேற்கு மூலையிற் குடியேறினர். அவர் குடியேறிய நிலமும் அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. ஒரு பெயருக்கு நிலம் இரண்டாயினமையின், தீவைப் பெரிய பிரித்தானியா என்றும், பிரெஞ்சுக் கரையிலுள்ளதைச் சிறிய பிரித்தானியா என்றும் இடைக்காலத்து இலத்தீன் நூலோர் வேறுபடுத்தினர். 1604 ஆம் ஆண்டில் முதலாம் யேம்ஸ் மன்னன் முன்னைய பெயரைத் தன் விருதுப் பெயருட் சேர்த்துக்கொண்டான். 1707 ஆம் ஆண்டின் இணைப்புச் சட்டம் இங்கிலாந்துஞ் ஸ்கொத்லாந்தும் ஒன்றாகிய இராச்சியத்திற்கு அதனையே பெயராக்கிற்று. ஈண்டுக் 'கிறேற்' என்பது பரப்பின் அளவைக் குறித்ததேயன்றிச் சிறப்பைக் குறித்ததன்று.

பெருமையையும் வியப்பையும் உணர்த்தும் ஆங்கிலச் சொற்களுட் பெரும்பாலானவற்றின் வரலாறு இத்தகையதே. பிறக்கும்பொழுதே புகழ்மொழியாய்ப் பிறந்தவை மிகச் சில. ஒன்று தடிப்பைக் குறித்தது. ஒன்று நடுக்கத்தைக் குறித்தது. ஒன்று இடியுண்ட நிலையைக் குறித்தது. ஒன்று பொய்க்கதையைக் குறித்தது. ஒன்று செருக்கைக் குறித்தது. அகராதியில் இவையெல்லாம் 'மேன்மையான', 'வியக்கத்தக்க' என்னும் இரண்டொரு தமிழ்ச் சொற்களுக்கு நேரே அடுக்கப்பட்டிருத்தலின், ஒன்றற்கு ஒன்று ஈடாக வழங்கலாம் என்று மாணவன் எண்ணிவிடுகின்றான். ஆங்கிலேயச் சிறுவனுக்கு இவ்விடர் அவ்வளவில்லை. அவன் இன்றைய பேச்சை முதலிற் கற்றுப் பின்னரே பழைய நூல்களை அடைகின்றான். தமிழ் மாணவனோ சேக்ஸ்பியரையும் மில்ரனையும் பரீட்சைக்காகப் படிக்கும் அதே வயதில், வானொலியிலுந் திரைப்படத்திலும் இக்கால ஆங்கிலத்தைக் கேட்கின்றான். நானூறு ஆண்டு இடைவெளியுள்ள இரண்டு வழக்குகள் அவனிடத்து ஒரே நாளில் வந்து சேர்கின்றன. பொருள் மயக்கம் உண்டாதற்கு இதனினும் வேறு காரணம் வேண்டியதில்லை.

'கிறேற்' என்பது பழைய ஆங்கிலத்திலே தடித்த, பருத்த, பரும்படியான என்னும் பொருள்களையே உடையதாயிருந்தது. அக்காலத்தில் 'பெரிய' என்பதற்கு வேறொரு சொல் இருந்தது. அதுவே இன்று தேய்ந்து, மிகுதியைக் குறிக்கும் 'மச்' என்னுஞ் சொல்லாய் நிற்கின்றது. அது விட்டுச்சென்ற இடத்தைக் 'கிறேற்' பிடித்துக்கொண்டது. பின்னர் 'பிக்', 'லாஜ்' என்பன வந்து, கண்ணாற் காணும் பருமனையும் எண்ணிக்கையையுந் தாம் ஏற்றுக்கொள்ளவே, 'கிறேற்' மெல்ல மெல்லக் கருத்துப் பொருள்களின்பாற் சென்றது. ஆதலின் இன்று மகிழ்ச்சி, கவனம், இடர்ப்பாடு, துன்பம், நட்பு என்பனவற்றிற்கு அதனை அடையாக்குதலே வழக்கு. கவனத்திற்குப் 'பிக்' என்பதை அடையாக்கினால் ஆங்கிலச் செவி பொறுக்காது. தொகை, எண் என்பனவற்றிற்கு 'லாஜ்' பொருந்தும். பழைய பொருள் முற்றாக மறைந்துவிடவுமில்லை. உடற்கூற்று நூலார் காலின் பெருவிரலை இன்றும் 'கிறேற்' என்னும் அடையோடுதான் கூறுகின்றனர். 1611 ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்திலே, நிறைகர்ப்பிணியாயிருந்த மரியாளைக் குறிக்கவும் இச்சொல்லே வந்துள்ளது. அதனை 'மாண்புடையவள்' என்று மொழிபெயர்த்தல் பெரும் பிழையாம்.

இச்சொல் நன்மை தீமை இரண்டிற்கும் பொதுவானது என்பதும் மனங்கொள்ளத்தக்கது. 1665 ஆம் ஆண்டில் இலண்டனைப் பாழாக்கிய கொள்ளைநோய்க்கும், 1666 ஆம் ஆண்டில் அந்நகரை எரித்த தீக்கும், 1914 முதல் 1918 வரை நிகழ்ந்த போருக்கும் இதுவே அடைமொழி. அவற்றை ஆங்கிலேயர் வியந்து பாராட்டினர் என்று யாருங் கொள்ளார். ஆயினும் 1914 ஆம் ஆண்டுப் போரை 'மகத்தான யுத்தம்' என்று தமிழில் எழுதியோர் உளர்! 'பெரும்போர்' என்பதே போதும்.

தமிழின் 'பெரிய' என்பது பருமன், வயது, செல்வம், சால்பு ஆகிய நான்கையும் ஒருங்கே தழுவுவது. ஆங்கிலம் அவற்றைப் பிரித்து வைத்துள்ளது. சான்றோராகிய பெரியோரைப் 'பிக்' என்னும் அடையாற் சுட்டினால், உடல் பருத்தவர் என்றோ செல்வாக்குப் படைத்த பணக்காரர் என்றோ பொருள்படும். உறவுமுறையிலே இடர் இன்னும் மிகுதி. பெரியப்பா, பெரியம்மா என்பவற்றிலுள்ள 'பெரிய' என்பது தந்தையினும் தாயினும் மூத்தவர் என்னும் அளவே. ஆங்கிலத்தில் மாமன் முறைச் சொல்லோடு 'கிறேற்' சேர்ந்தால், அது பாட்டன் பாட்டியருடைய உடன்பிறந்தாரைக் குறிக்கும்; ஒரு தலைமுறை மேலே போய்விடும். எனவே பெரியப்பாவைத் தந்தையின் தமையன் என்று விரித்துக் கூறுதலன்றி வேறு வழியில்லை.

பாட்டனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லில் வருவது 'கிறான்ட்'. இஃது இலத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. முதிர்ந்த, நிறைவளர்ச்சி பெற்ற என்னும் பொருள் அதன் மூலத்திலேயே உண்டு. முதுமையும் பீடும் ஒருங்கமைந்த இடத்தில் அது பொருந்துவதற்கு அதுவே காரணம் போலும். கிளாட்ஸ்ரனையும் தாதாபாய் நவ்ரோஜியையும் அவ்வடை கொடுத்து முதுபெருந் தலைவர் என்னுங் கருத்துப்பட அழைத்தனர். ஆனால் 'கிறான்ட்' என்பதிற் புறத்தோற்றத்தின் சாயல் உண்டு: மாளிகையும் விழாவும் நடையுடையும் அவ்வடை பெறும். பிறர் காணவேண்டும் என்னும் எண்ணம் மிகுந்துவிட்டால் அதன் வழிவந்த 'கிறான்டியோஸ்' என்னுஞ் சொல் எள்ளலாகி, வெற்று ஆடம்பரத்தைக் குறிக்கும்.

மக்னானிமஸ் என்னுஞ் சொல்லையும் ஈண்டு நோக்குதல் தகும். இலத்தீனில் 'பெரிய' என்பதையும் 'உள்ளம்' என்பதையும் இணைத்து ஆக்கியது அது. வடமொழியின் 'மகாத்மா' என்பதும் அவ்வாறே அமைந்தது. 'மகா' என்பதும் இலத்தீனின் அச்சொல்லும் ஒரு மூலத்திற் பிறந்த உடன்பிறப்புக்கள். அமைப்பு ஒன்றாயினும் பயன் வேறு. இன்று மக்னானிமஸ் எனப்படுபவன் மகாத்மா அல்லன்; தோற்ற பகைவனிடத்தும் தன்னைக் குறைகூறியவனிடத்தும் பெருந்தன்மை காட்டுபவன். சொற்பிறப்புப் பொருளுக்கு வாயிலாகுமேயன்றிப் பொருளாகிவிடாது என்பதற்கு இது தக்க சான்று.

இனி, அச்சத்திற் பிறந்து வியப்பிற் சேர்ந்த சொற்கள். இத்துறையில் மிக வளமான பகுதி இதுவே.

ஓஃபுல், ரெறிபிள், ரெறிஃபிக், றெமென்டஸ் என்னும் நான்கும் அச்சத்திற் பிறந்தவை. முதலாவதன் பகுதி ஸ்கந்திநேவிய மொழியிலிருந்து வந்தது. அச்சம் என்பதே அதன் பொருள். தெய்வத்தின் முன்னும் அரசன் முன்னுந் தோன்றும் நடுக்கங் கலந்த பணிவு பின்னர் அதனுட் புகுந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் 'அச்சுறுத்து' எனப் பொருள்படும் ஓர் இலத்தீன் வினையிலிருந்தும், நான்காவது 'நடுங்கு' எனப் பொருள்படும் மற்றொரு வினையிலிருந்துந் தோன்றியவை. மில்ரன் 1667 ஆம் ஆண்டில் வெளியிட்ட காவியத்தின் ஏழாம் காண்டத்திலே பாம்பின் பிடரிமயிரை ரெறிஃபிக் என்றான். இக்காலச் சிறுவன் தன் பந்தாட்டக் குழுவின் வெற்றியையும் ரெறிஃபிக் என்கின்றான். மில்ரனது பாம்பு பார்ப்போர் மனத்தில் அச்சத்தை விளைப்பது. சிறுவனது வெற்றியில் அச்சத்தின் நிழலும் இல்லை.

ஒரே மூலத்திற் பிறந்த இவை ஒரே திசையிற் செல்லாமையே வியப்பு. ரெறிஃபிக் பாராட்டாயிற்று, ரெறிபிள் இழிவாயிற்று. ஓஃபுல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதலே பேச்சு வழக்கில் 'மிகக் கெட்ட' என்னும் பொருளை ஏற்றது. அதன் பழைய இடத்தை அதன் உடன்பிறப்பாகிய ஓசம் பெற்றது. ஓசம் என்பதும் பின்னர் 1980 ஆம் ஆண்டையடுத்து அமெரிக்க இளைஞர் வாய்ப்பட்டு, 'மிக நன்று' என்பதற்கு மேல் ஒன்றும் உணர்த்தாத நிலையை அடைந்தது. இவற்றிலிருந்து பிறந்த வினையடைகளின் கதி இன்னும் இரங்கத்தக்கது. 'அச்சந் தரும்படி அன்புடையவர்' என்று ஓர் ஆங்கிலேயர் தம் நண்பருக்கு நன்றி கூறுவாராயின், அங்கே அச்சமும் இல்லை. 'மிக' என்பதே பொருள்.

பழைய பொருளை அறியாதவன் படும் இடர்களுக்குச் சான்று பல. 1611 ஆம் ஆண்டின் விவிலியம், உபாகம நூலிலே கடவுளை ரெறிபிள் என்கின்றது. இக்கால வழக்குப்படி பொருள் கொள்வோன் அதனை நிந்தை என்றே நினைப்பான். 1982 ஆம் ஆண்டில் வெளிவந்த புதிய யேம்ஸ் மன்னர் பதிப்பு அவ்விடத்தில் ஓசம் என மாற்றிற்று. உருசிய நாட்டில் 1547 முதல் 1584 வரை சார் என்னும் பட்டத்தோடு ஆண்ட நான்காம் இவானுடைய அடைமொழியும் ஆங்கிலத்தில் ரெறிபிள் என்றே வழங்குகின்றது. உருசிய மூலச்சொல் இடிப்புயலைக் குறிக்குஞ் சொல்லோடு உறவுடையது. பகைவர் அஞ்சும் உக்கிரமுடையவன் என்பதே அதன் கருத்து. அவன் கொடுமைகள் செய்தமை மெய். ஆயினும் அப்பட்டம் அவற்றைப் பழிப்பதற்காக எழுந்ததன்று.

இலண்டனிலுள்ள தூய பவுலின் பேராலயத்தைக் கண்ட அரசர் ஒருவர், அதனைக் கட்டிய கிறிஸ்ரொபர் றென்னை நோக்கி, ஆலயம் ஓஃபுல் என்றும் செயற்கையானது என்றும் நகைப்பூட்டுவது என்றுங் கூறினார் எனவும், அவையெல்லாம் அக்காலத்திற் புகழுரைகளே எனவும் ஒரு கதை வழங்குகின்றது. கதை சொல்வோர் ஒருவர் இரண்டாம் சார்ள்ஸ் என்பர். ஒருவர் இரண்டாம் யேம்ஸ் என்பர். ஒருவர் ஆன் அரசியார் என்பர். சொன்னவர் யாரென்பதிலேயே இவ்வளவு வேறுபாடு இருத்தலின், அதனை வரலாறாகக் கொள்ளுதல் ஆகாது. எனினும் மொழியளவிற் கதை பொய்யன்று: அக்காலத்தில் 'செயற்கையான' என்னும் ஆங்கிலச் சொல் கைத்திறன் மிக்கது என்றே பொருள்பட்டது.

அச்சமும் வியப்பும் ஒரு சொல்லில் ஏன் கூடின? இதற்கு விடை தேடியவர் எட்மன் பேர்க். 1757 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ஆராய்ச்சி நூல், சப்லைம் எனப்படும் மாட்சியையும் அழகையும் வேறு வேறாகப் பிரித்தது. சிறியது, மெல்லியது, வழுவழுப்பானது அழகு. அளவிறந்தது, இருண்டது, வலியது மாட்சி. கடலும் மலையும் இடியும் மனிதனை அழிக்க வல்லன. ஆயின் அவன் பாதுகாப்பான இடத்தில் நின்று அவற்றைக் காணும்பொழுது அவ்வச்சமே ஒருவகைக் களிப்பாக மாறுகின்றது என்பது அவர் கொள்கை. தம் கூற்றிற்கு அவர் மொழிகளையே சான்றாகக் காட்டினார். கிரேக்கத்தில் அச்சத்திற்கும் வியப்பிற்கும் ஒரே சொல் உண்டு என்றும், அஞ்சத்தக்கது என்பதும் மதிக்கத்தக்கது என்பதும் அம்மொழியில் ஒரு சொல்லால் உணர்த்தப்படும் என்றும், இலத்தீனிலும் பிரெஞ்சிலும் அத்தகைய சொற்கள் உள என்றும் எடுத்துக்காட்டினார்.

பேர்க் தமிழ் அறிந்தவரல்லர். அறிந்திருப்பின் 'அணங்கு' என்னுஞ் சொல்லை விட்டிருக்கமாட்டார். வருத்தம், வருத்துந் தெய்வம், கண்டாரை வருத்தும் அழகுடைய பெண் எனப் பொருள்கள் அதன்கண் ஒன்றன்மேல் ஒன்றாய் நிற்கின்றன. திருக்குறளின் 109 ஆம் அதிகாரத்தின் பெயராகிய 'தகையணங்குறுத்தல்' என்பதில் அழகும் அச்சமும் பிரிக்கமுடியாதபடி இணைந்துள்ளன. 'உரு' என்பது அச்சப்பொருள் தரும் உரிச்சொல் என்று தொல்காப்பியங் கூறும். அச்சொல்லே வேந்தர்க்குச் சிறப்படையாகவும் சான்றோர் செய்யுட்களில் வரும். இன்றைய பேச்சிலும் 'பேய்மழை' என்பதும், 'அசுர வேகம்' என்பதும், 'பயங்கரமான கெட்டிக்காரன்' என்பதும் அவ்வழிப்பட்டனவே. ஆகவே ரெறிஃபிக் என்பதன் பொருள் மாற்றத்தை ஆங்கிலேயரின் விந்தையென்று தமிழர் நகைத்தற்கு இடமில்லை.

வியப்பையே நேராக உணர்த்துஞ் சொற்கள் இரண்டு குடியைச் சார்ந்தவை. வண்டர் என்பது ஆங்கிலத்தின் சொந்தச் சொல். மார்வெல், மிறக்கிள், அட்மயர் என்பன இலத்தீனில் 'வியந்து நோக்கு' என்னும் ஒரே வினையிற் பிறந்தவை. முகம் பார்க்குங் கண்ணாடியைக் குறிக்கும் 'மிறர்' என்பதும் அக்குடியே. வண்டர் என்பது வினையாகும்பொழுது இரண்டு வேலை செய்கின்றது. ஒன்றைக் கண்டு வியத்தல் ஒன்று; ஒன்றை ஐயுற்றுத் தனக்குள்ளே வினாவுதல் மற்றொன்று. பின்வருஞ் சொல்லை நோக்கியே எது என்று துணிதல் வேண்டும். 'மழை வருமோ என்று வண்டர் செய்கின்றேன்' என்னும் அமைப்பை வியப்பாக மொழிபெயர்த்த விடைத்தாள்கள் ஆசிரியர் பலர்க்கும் பழக்கமானவையே.

அட்மயர் என்பதில் வரும் இடர் இதனினும் நுண்ணியது. இக்காலத்தில் அது நன்கு மதித்தலைக் குறிக்கும். சேக்ஸ்பியர் காலத்தில் அது வெறும் வியப்பையே குறித்தது. மதிப்பு அதில் இருத்தல் வேண்டுமென்ற நியதியில்லை. மக்பெத் நாடகத்தின் விருந்துக் காட்சியிலே, ஆவியைக் கண்டு அலறிய அரசனால் விருந்து குலைந்தபொழுது, அக்குழப்பத்திற்கு அரசி கொடுக்கும் அடைமொழி இச்சொல்லின் ஒரு வடிவமே. குழப்பத்தை அவள் பாராட்டவில்லை. யாவரும் வியந்து பார்க்கும்படி ஆயிற்றே என்கின்றாள். புயற்காற்று என்னும் நாடகத் தலைவியின் பெயராகிய மிறாண்டா என்பதற்கும் இலத்தீனில் 'வியக்கத்தக்கவள்' என்பதே பொருள். அவள் காதலன் அப்பெயரை வைத்தே சொல் விளையாடுகின்றான். எல்லாவற்றினும் வலிய சான்று விவிலியத்தின் இறுதி நூலில் உள்ளது. பதினேழாம் அதிகாரத்திலே, தூயோரின் குருதியால் வெறிகொண்ட பாபிலோன் என்னும் பரத்தையைக் கண்ட யோவான் பெரிய அட்மிறேசன் அடைந்தார் என 1611 ஆம் ஆண்டுப் பதிப்புக் கூறும். அவர் அவளை மெச்சினார் என்று பொருள் கொண்டால் நூலின் நோக்கமே தலைகீழாகிவிடும். 1881 ஆம் ஆண்டின் திருத்திய பதிப்பு அச்சொல்லை நீக்கி வண்டர் என்பதை இட்டமை இம்மயக்கத்தை ஒழித்தது.

வியப்பு முற்றினால் அறிவு சிறிது நேரம் செயலற்றுப்போம். அந்நிலையிலிருந்தே வேறு சில சொற்கள் எழுந்தன. அஸ்ரொனிஷ் என்பதன் மூலம் இடியைக் குறிக்கும் இலத்தீன் சொல். இடியுண்டவன்போல் நிற்றல் என்பது கருத்து. அமேஸ் என்பது மதிமயங்கச் செய்தல். வழி தெரியாது மயங்கவைக்கும் புதிர்வழியின் ஆங்கிலப் பெயரும் அதனோடு தொடர்புடையது. ஸ்ரியுபென்டஸ் என்பது மலைக்கச் செய்வது. அதே வினையிற் பிறந்த ஸ்ரியுபிட் மடமையைக் குறிக்கும். மலைப்பவனும் மடவனும் வாய் திறந்து நிற்பதில் வேறுபாடில்லைப் போலும்! தொல்காப்பியர் வியப்பிற்கு 'மருட்கை' என்று பெயரிட்டமை ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. மருளுதல் என்பது மயங்குதலே. அம்மருட்கை புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கினாலும் பிறக்கும் என்று அவர் வகுத்தார். சிறுமையும் வியப்பிற்கு நிலைக்களன் என்று அவர் கண்டது நுட்பமானது. ஆங்கிலத்தின் வியப்புச் சொற்கள் பெரும்பாலும் பெருமையையே பற்றிநிற்கின்றன.

ஒளியை அடியாகக் கொண்ட ஸ்பிளென்டிட், பிறில்லியன்ற் என்பவற்றில் இடர் குறைவு. தமிழிலும் ஒளி என்பது புகழுக்குப் பெயராதலின் அவை எளிதில் விளங்கும். பிறில்லியன்ற் என்பது ஒருவரின் கூரிய அறிவைக் குறிக்குமேயன்றி ஒழுக்கத்தைக் குறிக்காது என்பது மட்டும் நினைவிலிருத்தற்குரியது. மக்னிஃபிசன்ற் என்பது 'பெரியன செய்தல்' என்னும் பொருளது. கொடையிலுஞ் செலவிலும் பேரளவினனாயிருத்தலே அதன் முதற்பொருள். 1520 முதல் 1566 வரை ஆண்ட துருக்கிய மன்னன் சுலைமானுக்கு மேனாட்டார் இவ்வடை கொடுத்தனர். அவன் நாட்டாரோ அவனைச் 'சட்டம் வகுத்தவன்' என்றே வழங்கினர். அயலார் கண்டது செல்வப் பொலிவை. குடிகள் கண்டது நீதியை. சுப்பேர்ப் என்பதன் மூலம் செருக்குடையவன் என்று பொருள்படும் இலத்தீன் சொல். உரோமரின் கடைசி அரசனாகிய தார்குவினுக்கு அது பழிப்பெயர்; அவனைத் துரத்தியபின் உரோமர் அரசர் என்னும் பெயரையே வெறுத்தனர் என்பது அவர் மரபுக் கதை. அப்பழிச்சொல்லே மாளிகைகளின் நிமிர்ந்த தோற்றத்திற்கு ஏறி, இன்று உணவின் சுவைக்குஞ் சொல்லப்படுகின்றது.

கற்பனையிலிருந்து வந்த ஃபன்ராஸ்ரிக், ஃபபியுலஸ் என்பன இருபதாம் நூற்றாண்டிலேதான் வெறும் புகழுரைகளாயின. அதற்கு முன்னர் முன்னையது மனத்தளவில் மாத்திரம் உள்ளது, பொருந்தாதது என்றும், பின்னையது கட்டுக்கதையிற் காணப்படுவது என்றும் பொருள்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆசிரியர் ஒருவர் ஒரு நாட்டின் பழைய மன்னர் வரிசையை ஃபபியுலஸ் என்பாராயின், அவர் அம்மன்னரைப் புகழவில்லை. அவர்கள் இருந்தார்கள் என்பதையே மறுக்கின்றார். வரலாறு பயிலும் மாணவன் இதனைத் தவறவிடின் மறுப்பை ஆதரவாக மேற்கோள் காட்டிவிடுவான்.

நைஸ் என்பதன் பயணம் யாவற்றினும் நெடியது. 'அறியாதவன்' என்னும் இலத்தீன் சொல்லிற் பிறந்து, முதலிற் பேதைமையையும், பின் மிகையான நுணுக்கத்தையும், பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இனிமையையும் அது குறித்தது. 1817 ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த யேன் ஒஸ்ரினின் நோதங்கர் ஆலயம் என்னும் நவீனத்தில், எதற்கெடுத்தாலும் இச்சொல்லையே வழங்கும் இளம்பெண்ணைக் கதைத்தலைவன் பரிகசிக்கின்றான். இருநூறு ஆண்டு கழிந்தும் பரிகாசத்தின் காரணம் நீங்கவில்லை.

எல்லாச் சொற்களும் மேலேறின என்று கொள்ளலாகாது, கீழிறங்கியவையும் உள. தமிழில் நறுமணத்தையுங் குறித்த 'நாற்றம்' இன்று தீநாற்றம் ஒன்றையே குறிப்பதுபோல, எகிறீஜியஸ் என்பது 'மந்தையினின்று தனித்து மேம்பட்டது' என்னும் பொருளிழந்து, வெளிப்படையாகத் தெரியும் பெருந்தவறுகளுக்கே அடையாயிற்று. இத்தாலியர் இன்றும் கடிதத்தின் தொடக்கத்தில் 'மேன்மை தங்கிய' என்னும் கருத்தில் அச்சொல்லின் வடிவத்தை எழுதுகின்றனர். ஆங்கிலேயருக்கு அதே வடிவில் எழுதினால் வசையாகும். எனோமஸ் என்பது தச்சன் மூலைமட்டத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. மட்டத்திற்கு அடங்காதது என்பது கருத்து. அதன் பெயர்ச்சொல்லாகிய எனோமிற்றி என்பதை மொழிக்காவலர் கொடுமையின் மிகுதிக்கே உரியதாக வைத்துள்ளனர். ஆதலின் பாராட்டு விழாவில் ஒருவரது தொண்டின் பருமையைக் கூற அதனை எடுத்தல் நன்றன்று. ஃபேமஸ் என்பதற்கும் நொற்றோறியஸ் என்பதற்கும் உள்ள வேறுபாடும் அத்தகையது. இரண்டும் பலரும் அறிந்தவனையே குறிக்கும், ஆயின் பின்னையவன் அறியப்பட்டது தீமையால்.

இவ்வேறுபாடுகளின் பயன் பரீட்சை மண்டபத்தோடு முடிவதன்று. ஒருவருடைய தொழிலையும் மேற்படிப்பையும் நிருணயிக்கும் நற்சாட்சிப் பத்திரங்களில் இவை பெரிதும் வேலை செய்கின்றன. ஆங்கிலேயர் எழுத்திற் புகழ் பெரும்பாலும் அடங்கிய குரலில் வரும். 'கெட்டதன்று' என்று ஒருவர் சொன்னால் அது மெய்யான பாராட்டாயிருத்தல் கூடும். 'திருப்தியானது' என்று எழுதினால் அது பெரும்பாலும் குறைபாட்டின் நாகரிகப் பெயர். எக்சலன்ற் என்பது 'மேலோங்கி நிற்பது' என்று பொருள்படுதலின், அதன் முன் 'மிக' என்பதைச் சேர்த்தலை இலக்கண நூலார் விரும்பார். சேர்த்தால் அழுத்தங் கூடுவதற்குப் பதிலாக எழுதியவரின் பயிற்சிக் குறைவே வெளிப்படும். ரெறிஃபிக், ஃபன்ராஸ்ரிக், ஓசம் என்பன நண்பரிடைப் பேச்சிற்குரியன. ஒரு மாணவனின் ஒழுக்கத்தையும் உழைப்பையும் பற்றிய பத்திரத்தில் அவை புகுந்தால் வாசிப்பவர் முழுப் பத்திரத்தையும் ஐயுறுவர்.

யாவற்றினும் ஏமாற்றுவது குவைற் என்னுஞ் சிறு சொல். 'முற்றாக' என்று அகராதியிற் பொருள் கண்டு, மாணவனை மேலும் உயர்த்தும் எண்ணத்தோடு 'நல்ல' என்பதன் முன் அதனை வைப்போர் பலர். அளவு கூடக் குறையக்கூடிய பண்புச் சொல்லின் முன் அது வரும்பொழுது, பிரித்தானிய வழக்கிற் பொருள் 'ஓரளவு' என்பதே. குவைற் அடையோடு நல்லவன் எனப்பட்ட மாணவன் அரைகுறையாய் நல்லவன் ஆகிவிடுகின்றான். எக்சலன்ற் போன்று எல்லை தொட்டுவிட்ட சொல்லின் முன் வருமாயின் 'முற்றிலும்' என்னும் பழைய பொருளே நிற்கும். அமெரிக்கரோ 'நல்ல' என்பதன் முன்னும் அதனை 'மிக' என்னும் பொருளிலேயே பெரும்பாலும் வழங்குவர். ஆகவே இலண்டனுக்கு அனுப்பும் பத்திரமும் நியூயோர்க்கிற்கு அனுப்பும் பத்திரமும் ஒரே சொல்லைக் கொண்டிருந்தாலும், பெறுவோர் கையில் ஒரே மாணவனைக் காட்டமாட்டா. இத்தகைய பத்திரத்தில் அச்சொல்லை அறவே விடுத்து, மாணவன் செய்தது இன்னது என்று ஒரு வாக்கியத்தில் எழுதிவிடுதலே தக்கது.